கூடத்து ஜமக்காளமும் பிளாஸ்டிக் நாற்காலியும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வகை ஓய்வு விடுதிகள் பெருகிவிட்டன. உள்ளே நுழைந்தால் தேக்குத் தூண், பித்தளை அண்டா, சங்கிலி மாட்டிய ஊஞ்சல். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கோடு போட்ட ஜமக்காளம். என்ன இது என்று கேட்டால் 'வின்டேஜ்' என்பார்கள்.

அங்கிருந்து மேற்கே உத்திரமேரூர் பக்கம் போனால் காட்சி வேறு. அந்தச் சாலையில் பல ஊர்களும் உத்திரமேரூரும் 2019 வரை ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவைதான். செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு உத்திரமேரூர் மட்டும் பழைய மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. இங்கே ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டும் வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது. பரணில் கிடந்ததெல்லாம் வாசலுக்கு வருகிறது. சாய்வு நாற்காலி ஒன்று, துணி இற்றுப்போய். இலவம் பஞ்சு தலையணைகள். எலி ஓரம் கடித்த கனமான ஜமக்காளம். பழைய சாமான் வாங்க வருகிறவர் நாற்காலியின் மரச்சட்டத்தை எடுத்துக்கொள்வார். துணிக்கு அவரிடம் விலை கிடையாது. அது நெல் மூட்டைக்கு அடியிலோ, டிராக்டர் இருக்கையின் மேலோ போய்ச் சேரும்.

ஒரே பொருள். ஒரு இடத்தில் கண்ணாடிக்குள், இன்னொரு இடத்தில் மாட்டுக் கொட்டகையில்!

இதைப் பார்த்ததும் 'ஐயோ, நம் பழமை அழிகிறதே' என்று கட்டுரை எழுதுவது சுலபம். ஆனால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்துப் பேசினால்தான் பழைய வீட்டு அலங்காரத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய முடியும்.

துணியும் கோரையும்தான் தட்டுமுட்டுச் சாமான்

போன நூற்றாண்டின் நடுவில் ஒரு சாதாரண ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணை, நடை, கூடம், முற்றம், அடுக்களை. வசதி இருந்தால் ஊஞ்சலும் ஒரு கட்டிலும் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு மரப்பெட்டி, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். மேசை நாற்காலி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. அப்படியானால் வீடு வெறுமையாகவா இருந்தது? இல்லை. அந்த வீட்டின் தட்டுமுட்டுச் சாமான் பெரும்பாலும் துணியும் கோரையும்தான்.

காலையில் கூடம் காலி. பத்து மணிக்கு உறவினர் வந்தால் பாய் விரியும். பாய் விரிந்த இடம் வரவேற்பறை. மத்தியானம் அதே இடத்தில் இலை போட்டால் சாப்பாட்டு அறை. பிள்ளைகள் படிக்க உட்கார்ந்தால் படிப்பறை. இரவு படுக்கை விரிந்தால் பள்ளியறை. பொழுது விடிந்ததும் எல்லாம் சுருட்டப்பட்டு மூலைக்கோ பரணுக்கோ போய்விடும். ஒரே அறை நாளைக்கு நாலு வேடம் போட்டது. அந்த வேடத்தை மாற்றியது துணி.

குழந்தை பிறந்தால் உத்திரத்தில் அம்மாவின் பழைய புடவை தூளியாகத் தொங்கும். தனியாகத் தொட்டில் வாங்க வேண்டியதில்லை. நூல் புடவை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், காற்றும் புகும். குழந்தை வளர்ந்ததும் தூளி அவிழும், புடவை கிழிந்து கரித்துணி ஆகும்.

தலையணை உறைக்கு உள்ளே தைக்கும் கோடு போட்ட மெத்தைத் துணி இன்னொரு நல்ல உதாரணம். சிவப்பிலோ நீலத்திலோ நெருக்கமாகக் கோடு ஓடும். அழகுக்காக மட்டும் அந்தத் துணியைத் தேர்ந்தெடுக்கவில்லை. இலவம் பஞ்சு வழுக்கிக்கொண்டு வெளியே வரும் தன்மை உடையது. இழை நெருங்கிய கெட்டித் துணியாக இருந்தால்தான் அது உள்ளே நிற்கும்.

சாய்வு நாற்காலித் துணியும் அப்படித்தான். முரட்டுத் துணியின் இரண்டு முனையையும் மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் ஒரு கோலைச் செருகி, சட்டத்தில் மாட்டுவார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. அழுக்கானால் கோலை உருவிவிட்டுத் துவைத்து, காய்ந்ததும் மறுபடி மாட்டலாம். இன்றைய சோபாவில் குழந்தை பாலைக் கொட்டினால் என்ன ஆகும்? அந்தக் கறையும் வாசனையும் சோபாவின் ஆயுள் வரை கூட வரும்.

எங்கிருந்து வந்தது?

உத்திரமேரூர் வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் போனது. ஆனால் பட்டு என்பது பெட்டிக்குள் இருக்கும் துணி. கல்யாணத்துக்கு வெளியே வரும், திரும்பவும் பெட்டிக்குள் போகும். தினசரி வீட்டை நிரப்பிய பொருள்கள் வேறு ஊர்களிலிருந்து வந்தன.

கோரைப்பாய்க்கு இந்தப் பக்கத்தில் வந்தவாசி. நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து, சாயம் ஏற்றி நெய்வது அங்கே பழைய தொழில். தெற்கே பத்தமடையில் இதே கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, பட்டுத் துணிபோல மடிக்கக்கூடிய மெல்லிய பாயாக நெய்தார்கள். அது கல்யாணச் சீர். வந்தவாசிப் பாய் அன்றாடப் படுக்கை. கோடையில் தரையின் குளுமையை அது அப்படியே மேலே கடத்தும். காஞ்சிபுரம் மாவட்டத்து மே மாத வெயிலில் ஸ்பாஞ்சு மெத்தையில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

ஜமக்காளத்துக்கு ஈரோடு மாவட்டத்து பவானி. காவிரியும் பவானியும் கூடும் ஊர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்து ஆலைத் துணிகள் சந்தையை நிரப்பியபோது, அங்கிருந்த ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தினர் முரட்டு வண்ண நூலைப் பட்டை பட்டையாக வைத்துக் கனமான விரிப்புகளை நெய்யத் தொடங்கினார்கள். ஆலையோடு மெல்லிய துணியில் போட்டி போட முடியாது என்பதால் ஆலை நெய்யாத கனத்துக்குப் போனார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் ஒரே குழித்தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். பவானி ஜமக்காளத்துக்குப் பின்னால் புவிசார் குறியீடும் கிடைத்தது.

போர்வைக்குச் சென்னிமலை. இவற்றையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கோ-ஆப்டெக்சுக்குப் பெரிய பங்கு உண்டு. 1935இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. தீபாவளித் தள்ளுபடிக்குப் போய் வீட்டுக்கு ஒரு போர்வையும் ஒரு ஜமக்காளமும் வாங்கி வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

பெயர் உள்ள துணியும் பெயர் இல்லாத துணியும்

மேலை நாடுகளில் போன நூற்றாண்டு வீட்டுத் துணிகளுக்கு ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. 1951இல் பிரிட்டன் விழாவுக்காக லூசியன் டே என்ற பெண் வரைந்த 'கேலிக்ஸ்' என்ற திரைச்சீலைத் துணி இன்று அருங்காட்சியகப் பொருள். அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஜிரார்ட் 1952 முதல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வரைந்த கோடுகளும் கட்டங்களும் இன்றும் மறுபதிப்பாக வருகின்றன. அதே ஜிரார்ட்தான் 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளுக்காக நடந்த பெரிய கண்காட்சியை வடிவமைத்தவர். இந்தியத் துணியைப் பார்த்து அவர்கள் வியந்தார்கள், கற்றுக்கொண்டார்கள், தங்கள் பெயரையும் பதிவு செய்துகொண்டார்கள்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 1958இல், சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஓர் அறிக்கை எழுதினார்கள். இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே மிக அழகானது என்று அவர்கள் சுட்டிக்காட்டியது எதைத் தெரியுமா? வீட்டுக்கு வீடு கிடக்கும் சொம்பை! எந்தத் தனி மனிதரும் அதை வடிவமைக்கவில்லை, பல தலைமுறை சேர்ந்து வடிவமைத்தது என்றார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது.

சொம்புக்குச் சொன்னது ஜமக்காளத்துக்கும் பொருந்தும். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை எவ்வளவு அகலத்துக்கு வைப்பது, நடுவில் கறுப்பு எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. துணி கிழிந்து போனால் அந்தக் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

எப்படி மாறியது?

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வாசலுக்குத் திரைச்சீலை வந்தது. இரண்டு ஆணி, நடுவில் ஸ்பிரிங் கம்பி, அதில் பூப்போட்ட துணி. அப்புறம் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு அரைத் திரை. எண்பதுகளில் டெலிவிஷன் வந்தபோது அதற்கும் ஒரு உறை தைத்தார்கள். இரண்டு கிளி, நடுவில் ரோஜா என்று கை எம்பிராய்டரி போட்டு, கீழே சுருக்கம் வைத்து! தையல் வகுப்புக்குப் போன பெண்களின் கைத்திறமை வீட்டுக்குள் நிரந்தரமாகக் காட்சிக்கு இருந்தது அந்த உறையில்தான். இதுவும் போன நூற்றாண்டின் உள்ளலங்காரமே. ஆனால் இதை எந்த விடுதியும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அவர்களுக்குத் தேவை 'பழமை', எண்பதுகளின் நைலான் நூல் அல்ல.

2006இல் தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு டெலிவிஷன் இல்லாத வீடு அபூர்வமானது. கூடம் அதுவரை முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு சுவரைப் பார்க்கத் தொடங்கியது. ஒரு திசையைப் பார்த்து உட்கார வேண்டும் என்று வந்தபோது முதுகுச் சாய்மானமும் தேவைப்பட்டது. நாற்காலி வந்தது, சோபா வந்தது, விரிப்பு பரணுக்கு ஏறியது. கோரைப்பாயின் இடத்தில் பிளாஸ்டிக் பாய் வந்தது. தண்ணீர் பட்டால் கெடாது, விலை குறைவு, பளிச்சென்ற நிறம். வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

இனி அந்த மீதிப் பாதி.

பழைய கூடத்தைப் பற்றி உருகுகிறவர்கள் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுகிறார்கள். அந்த ஜமக்காளத்தில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள்? பண்ணை வீட்டின் சாய்வு நாற்காலி ஒருவருக்குத்தான். ஊஞ்சலில் மாமனார் இருந்தால் மருமகள் அந்தப் பக்கம் வரமாட்டாள். வயலில் வேலை செய்தவர்கள் திண்ணைக்குக் கீழே, வாசலில் நின்று கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். எந்தச் சாதிக்காரர் எதுவரை வரலாம் என்பதைத் திண்ணை, நடை, கூடம் என்ற அந்த வரிசையே சொல்லிவிடும். பாய் விரித்தல் ஒரு மரியாதை. அந்த மரியாதை எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இதற்கு உத்திரமேரூரிலேயே கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தல் முறையை விவரிக்கின்றன. பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அந்தச் சபையில் உட்காரத் தகுதி என்ன? வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் இல்லாதவருக்கும் மனை இல்லாதவருக்கும் அந்தச் சபையில் இடம் கிடையாது. பெருமைப்பட வேண்டிய முறைதான். ஆனால் அங்கேயும் உட்காரும் இடத்துக்கு ஒரு வேலி இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலி இந்த வேலியைக் கொஞ்சம் தாண்டியது. அழகில்லாத பொருள்தான். ஒரே அச்சில் வார்த்தது, வெயிலில் வெளுத்துப் போவது, கால் உடைந்தால் எதற்கும் உதவாதது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் 'உட்காருங்க' என்று இழுத்துப் போடப்படுவது அதுதான். எல்லா நாற்காலியும் ஒரே உயரம், ஒரே நிறம். கிராம சபைக் கூட்டத்தில் சாமியானாவுக்கு அடியில் வரிசையாகப் போட்டால் முதலில் வந்தவர் முதல் வரிசையில் உட்காரலாம். இதிலும் பாகுபாடு காட்டுகிறவர்கள் உண்டு என்பது வேறு விஷயம். ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரையே நாற்காலியில் உட்காரவிடாத செய்திகள் தமிழ்நாட்டில் வந்திருக்கின்றன. நாற்காலிக்காக இவ்வளவு சண்டை நடக்கிறது என்றாலே அதன் மதிப்பு புரியும். தரையில் உட்கார வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் 'தரையில் உட்காருவதுதான் நம் பண்பாடு' என்று பாடம் நடத்துவது நியாயமா?

இன்னொன்று, வேலை. பவானி ஜமக்காளம் நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது. அதை ஏரிக்கரைக்கோ கிணற்றடிக்கோ கொண்டுபோய்த் துவைத்தவர்கள் பெண்கள், அல்லது சலவைத் தொழிலாளர்கள். காலையில் எல்லோருடைய பாயையும் சுருட்டியதும் பெண்கள்தான். 'சுருட்டி வைக்கும் அழகு' என்று எழுதுவதற்கு முன்னால் சுருட்டியது யார் என்றும் கேட்க வேண்டும். வயதானவர்களுக்கு முட்டி வலி. தரையிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படும் பாட்டிக்கு நாற்காலி ஆடம்பரம் அல்ல.

அப்படியானால் எதை வைத்துக்கொள்வது?

பழைய வீட்டின் உட்காரும் வரிசை போகட்டும். போனதே நல்லது. ஆனால் அதோடு சேர்த்துத் துணியையும் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இல்லை. தவறு ஜமக்காளத்தில் இல்லை, அதில் யாரை உட்கார வைத்தோம் என்பதில்தான் இருந்தது.

இன்றைய கிராமத்து வீடுகளின் அளவைப் பாருங்கள். 2011இல் அறிவித்த முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 300 சதுர அடி. அதற்குள் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கூடத்தில் தவணையில் வாங்கிய மூன்று பேர் சோபா ஒன்றைப் போட்டால் நடக்க வழி இருக்காது. பிள்ளைகள் படிக்க இடம் இருக்காது. சோபா இருபத்து நாலு மணி நேரமும் அந்த இடத்தை ஆக்கிரமித்துக்கொண்டே இருக்கும், யாரும் உட்காராத நேரத்திலும்! சின்ன வீட்டுக்குப் பொருத்தமானது சுருட்டி வைக்கக்கூடிய சாமான்தான். பெரியவர்களுக்கு இரண்டு நாற்காலி, மற்றவர்களுக்கு ஒரு நல்ல விரிப்பு. சுருட்டுவது வீட்டில் எல்லோருடைய வேலை, ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. பாட்டி நாற்காலியிலும் பேரன் தரையிலும் இருந்தால் அது வசதி. விருந்தாளியைச் சாதி பார்த்துத் தரையில் வைத்தால் அது அவமானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும்.

அடுத்தது, நெய்கிறவர்கள் பக்கம். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம். முதலில் 22 வகைகள் இருந்தன, 1996இல் 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றில் ஜமக்காளமும் இருக்கிறது. சட்டம் இருக்கிறதே தவிர, சந்தையில் விசைத்தறி விரிப்புகள் பவானிப் பெயரிலேயே தாராளமாக விற்கின்றன என்பது பவானி நெசவாளர்களின் நெடுநாள் குறை. விலை வித்தியாசம் தெரியும்போது வாங்குகிறவர் மலிவைத்தான் எடுப்பார். இந்த நிலையில் ஜமக்காளத்தைக் கண்ணாடிக்குள் மாட்டுவதால் நெசவாளருக்கு என்ன பயன்? கண்ணாடிக்குள் இருக்கும் ஜமக்காளம் நூறு வருடம் தேயாது. தேயாத பொருளுக்கு மறு விற்பனை கிடையாது. தரையில் விரித்து, உட்கார்ந்து, துவைத்து, கிழிந்து, இன்னொன்று வாங்கும் வீடுகள் இருந்தால்தான் குழித்தறியில் ஆள் இருப்பார்.

அருங்காட்சியகம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் அதில் உண்டு. அது நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அருங்காட்சியகம் கட்ட முடியாது. கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. வீடு இடிப்பதற்கு முன்னால் பரணிலிருந்து இறங்கும் துணிகளை விரித்து, அளவு எடுத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, எந்த வருடம் எங்கே வாங்கியது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்கலாம். வரலாறு, ஜவுளி, கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊரில் பத்து வீட்டுக்குச் செய்தால்கூட, பெயர் தெரியாத அந்த நெசவாளர்களின் வண்ணக் கணக்கு கொஞ்சமாவது மிஞ்சும். கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள், யாரை உட்காரச் சொல்லவில்லை? அதையும் படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டும். அது இல்லாத குறிப்பு பாதிக் குறிப்பு.

அடுத்த தடவை உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் பரண் காலியாகும்போது, ஜமக்காளம் விடுதிச் சுவருக்கும் போக வேண்டாம், மாட்டுக் கொட்டகைக்கும் போக வேண்டாம். நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, புது வீட்டுக் கூடத்திலேயே விரிக்கட்டும். வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு அதில் உட்கார வைக்கட்டும். அந்தப் பழைய துணிக்கு இதுவரை கிடைக்காத ஒரு புது உபயோகம் அதுதான்.